உடன் நடப்பவர்

1828ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வயது நிறைவடைய அவருக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. தந்தை பெயர்பெற்ற மருத்துவர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென விரும்பி, முன்னர் எடின்பரோவுக்கு அனுப்பியிருந்தார். அறுவை மருத்துவத்தில் மயக்க மருந்து புகாத காலம் அது. நோயாளிகள் பட்ட துன்பத்தைக் காணப் பொறாத மகன் அறையைவிட்டே வெளியேறினார். ஈராண்டுகளில் மருத்துவக் கல்வியையும் கைவிட்டார். இனி இவரைச் சமயகுருவாக்கலாம் என்று முடிவுசெய்தே தந்தை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்.

அங்கும் பாடங்களில் அவர் மனம் ஒன்றவில்லை. குதிரையேற்றம், பறவை வேட்டை, இவை இரண்டையும் விஞ்சிய வண்டு சேகரிப்பு எனப் பொழுது கழிந்தது. ஒருநாள் பழைய மரப்பட்டையொன்றை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தென்பட்டன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அப்போது மூன்றாவதாக வேறொரு வகை வண்டு கண்ணில் பட்டது. அதை இழக்க மனமின்றி, வலக்கையில் இருந்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். வாய்க்குள் சென்ற வண்டு காரமான நீரைப் பீய்ச்ச, நாக்கு எரிந்து அதைத் துப்ப நேர்ந்தது. அந்த வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் போயிற்று. மகனின் எதிர்காலத்தை எண்ணித் தந்தை கவலைப்பட்டதில் வியப்பில்லை.

இந்த இளைஞருக்குக் கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் ஓர் அடையாளம் வைத்திருந்தனர். ‘ஹென்ஸ்லோவோடு நடப்பவர்’ என்பதே அது. இளைஞரின் பெயர் சார்லஸ் டார்வின்.

நடையில் தொடங்கிய கல்வி

ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியர். டார்வினைவிடப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர். செடிகொடிகளோடு பூச்சிகள், கனிமங்கள், பாறைகள், வேதியியல் ஆகியவற்றிலும் புலமை மிக்கவர். வாரத்தில் ஒருநாள் மாலையில் மாணவர்க்கும் மூத்த அறிஞர்க்கும் தம் வீட்டை ஒருசேரத் திறந்துவைப்பார். மாணவர்களை அழைத்துக்கொண்டு நடந்தும், வண்டியிலும், ஆற்றில் படகிலும் வெளியிடங்களுக்குச் செல்வார். வழியில் தென்படும் அரிய செடியையோ பூச்சியையோ நிறுத்திக் காட்டி விளக்குவார். தாவரவியல் டார்வினின் பட்டப்படிப்புக்கு வேண்டப்பட்ட பாடமன்று. ஆயினும் அவர் அவ்வகுப்புகளுக்குச் சென்றார். கேம்பிரிட்ஜ் வாழ்வின் பிற்பகுதியில் பெரும்பாலான நாள்களில் பேராசிரியரோடு நெடுந்தொலைவு நடப்பது அவர் வழக்கமாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை டார்வின் முதுமையிலும் மறக்கவில்லை. மகரந்தத் துகள்களை ஈரமான பரப்பில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அத்துகள்களிலிருந்து நுண்ணிய குழல்கள் நீண்டு வருவதைக் கண்டார். புதிய உண்மையொன்றைக் கண்டறிந்துவிட்டதாக எண்ணி ஹென்ஸ்லோவிடம் ஓடினார். அறிவியலார் நன்கறிந்த செய்தி அது. வேறொரு பேராசிரியராயின் சிரித்திருக்கக்கூடும். ஹென்ஸ்லோ சிரிக்கவில்லை. அந்நிகழ்வு எத்துணைச் சுவையானது என்பதை ஒப்புக்கொண்டார்; அதன் பொருளை விளக்கினார்; பின்னரே, இது முன்பே அறியப்பட்டது என்பதையும் தெளிவாகப் புரியவைத்தார். நாணமடையாமல், தாமே ஒன்றைக் கண்டறிந்த மகிழ்ச்சியோடு டார்வின் திரும்பினார். இனிக் கண்டதை இத்துணை விரைந்து அறிவிக்கக்கூடாது என்ற உறுதியும் அவர் உள்ளத்தில் ஏற்பட்டிருந்தது.

ஊக்கம் குன்றாமல் உண்மையைச் சொல்லும் இந்தக் கலை பாடநூலில் இல்லை. மாணவரை நெருங்கி அறிந்தவருக்கே அது கைவரும். ஹென்ஸ்லோ தம் மாணவரை அறிந்தது பெரிதும் நடைவழியில்தான்.

வழியும் வழிகாட்டியும்

இளையோருக்குத் துணைநிற்கும் மூத்தவரை ஆங்கிலம் ‘மென்டார்’ என்று அழைக்கிறது. இச்சொல் ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் வரும் முதியவர் ஒருவரின் பெயரிலிருந்து பிறந்தது. ஒடிசியசின் நண்பரான அவருடைய உருவை ஏற்றே அதீனா என்னும் தெய்வம் ஒடிசியசின் மகனுக்கு வழித்துணையாக வருகிறாள். தமிழில் நாம் வழங்கும் ‘வழிகாட்டி’ என்ற சொல்லோ நடையிலிருந்தே பிறந்தது. ஆறு என்றால் வழி. ஒருவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படுத்தல். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞருக்குத் தாம் நடந்துவந்த வழியின் இயல்பை எடுத்துரைத்து அனுப்புவதே ஆற்றுப்படை இலக்கியம். அங்கு வழிசொல்பவர் அவ்வழியில் தாமே நடந்தவர் என்பது கருதத்தக்கது. இன்று உளவியல் துறையில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது அந்தப் பழைய பாதையின் மீதே நிற்கிறோம்.

நடைக்கும் வழிகாட்டலுக்கும் உள்ள உறவு சொல்லோடு முடிவதன்று. மேசைக்கு இருபுறமும் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது ஒருவர் கேட்பவராகவும் மற்றவர் விடைசொல்பவராகவும் ஆகிவிடுகின்றனர். இளைஞருக்கு அது தேர்வறைபோலத் தோன்றும். அருகருகே நடக்கும்போது இருவர் பார்வையும் முன்னோக்கியே இருக்கிறது. சொல்லத் தயங்கும் செய்தியைச் சொல்லும்போது முகம் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. பேச்சு நின்றாலும் நடை தொடர்வதால் மௌனம் உறுத்துவதில்லை. வழியில் காணும் மரமோ, பறவையோ, பணியாளோ பேச்சுக்குப் புதிய பொருள் தருகின்றனர். மூத்தவர் தம் நடையைச் சற்றுக் குறைத்தும் இளையவர் சற்றுக் கூட்டியும் ஒரே சீரில் செல்லப் பழகுகின்றனர். பதின்பருவத்தினர் பலர் அறைக்குள் பேசாததை வெளியில் நடக்கையில் பேசிவிடுவதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிவர்.

கால்களின் தொழில்

நடை உடலுக்கு நன்மை செய்யும் என்பது பழைய செய்தி. அந்நன்மையை எண்களால் அளந்து காட்டியவர்களுள் முன்னோடி இங்கிலாந்து மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். இலண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். முடிவுகள் 1953இல் வெளியாயின. ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்தே இருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே வண்டியில், ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே வகை வாழ்வு வாழ்பவர்கள். எனினும் மாரடைப்பு ஓட்டுநரைவிட நடத்துநருக்குக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் உயிரைப் பறிக்கும் அளவு கடுமையாக இருந்தது குறைவு.

மோரிஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. உடற்பருமன் உடையவர்களே ஓட்டுநர் பணியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. நிறுவனம் வழங்கிய சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். இளம் ஓட்டுநர்களுக்கே நடத்துநர்களைவிடப் பெரிய அளவுச் சீருடை தேவைப்பட்டது தெரியவந்தது. 1956இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்ற அஞ்சற்காரரை, அமர்ந்து பணிபுரிந்த எழுத்தரோடு ஒப்பிட்டபோதும் நடப்பவரின் இதயமே நலமாக இருந்தது. பின்வந்த பல நாட்டு ஆய்வுகள் இம்முடிவை உறுதிசெய்தன. தம் கருத்துக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச்சென்ற இவ்வியல்பு, ஆய்வின் முடிவைப் போலவே மதிக்கத்தக்கது. மோரிஸ் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்தார்.

உடலுக்குள் நிகழ்வது என்ன? காலுக்கு இறங்கிய குருதி ஈர்ப்புவிசையை எதிர்த்து இதயத்திற்கு ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் சுருங்கி ஆழ்ந்த சிரைகளை அழுத்துகிறது; சிரைகளின் உட்புறத்திலுள்ள அடைப்பிதழ்கள் குருதி கீழே திரும்பாமல் தடுக்கின்றன. இதனால்தான் கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பர். இயங்கும் தசை, குருதியிலுள்ள குளுக்கோசை இன்சுலினின் உதவியை எதிர்பாராமலேயே ஈர்த்துக்கொள்ளும் வழியையும் பெற்றிருக்கிறது. உணவுக்குப்பின் சற்றுநேரம் நடந்தால் சர்க்கரையின் ஏற்றம் குறைவதற்குக் காரணம் இதுவே. உடலின் எடையைத் தாங்கி நடப்பதால் எலும்பு வலுப்பெறுகிறது. எலும்பின் திண்மை பெரிதும் சேர்வது பதின்பருவத்தில் என்பதால் இச்செய்தி பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு முதியவரைவிட நெருக்கமானது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலரும் சொல்கின்றனர். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், சப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது, பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் சராசரியாக எழுபத்திரண்டு வயதுடைய 16,741 பெண்களிடம் நிகழ்த்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அடிகள் கூடக் கூட அந்நன்மையும் வளர்ந்து 7,500 அளவில் சமநிலை அடைந்தது. இம்முடிவு முதிய மகளிருக்குரியது. இளையோரின் தேவை வேறு. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக அறுபது நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவ்வியக்கம் மிதமானதாகவோ அதனினும் கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஆகவே விரைந்து நடக்கும் நடையே இக்கணக்கில் சேரும். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 146 நாடுகளில் பதினொன்று முதல் பதினேழு வயதுடையோரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு. பெண்பிள்ளைகள் அச்சமின்றி நடப்பதற்கு ஏற்ற தெருக்கள் எத்தனை என்ற கேள்வியை இவ்வேறுபாடு எழுப்பாமல் இல்லை.

நடை சிந்தனையையும் தூண்டுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அமர்ந்திருந்தபோது தோன்றியதைவிட மிகுதியான புதிய எண்ணங்கள் நடக்கும்போது தோன்றின. வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவரிடமும் இம்மாற்றம் காணப்பட்டது. ஒரே விடையைக் குறிவைத்துத் தேடும் கணக்குகளிலோ நடை உதவவில்லை; சற்றே இடையூறாகவும் இருந்தது. பல வழிகளை எண்ணிப்பார்க்க நடையும், ஒன்றைத் தீர்த்துமுடிக்க நாற்காலியும் ஏற்றவை எனலாம். என்னவாக வேண்டும் என்று அறியாது நிற்கும் இளைஞருக்கு முதலில் தேவை பல வழிகளே.

ஓராண்டும் மூன்று மாதமும்

மூத்தவர் ஒருவரின் துணை இளையோரை உண்மையில் மாற்றுமா? அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு, தன்னார்வலர் ஒருவரை இளையவர் ஒருவரோடு இணைத்துவைக்கிறது. பத்து முதல் பதினாறு வயதுடைய 959 பேரைக் கொண்டு அதன் பணி ஆராயப்பட்டு, 1995இல் முடிவு வெளியானது. ஒரு பகுதியினருக்கு உடனே துணைவர் கிடைத்தனர். மறுபகுதியினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். பதினெட்டு மாதங்களுக்குப்பின், துணை பெற்றவர்களிடையே போதைப்பொருளைத் தொடங்குவது 46 விழுக்காடும், பள்ளிக்கு வராமல் நின்ற நாள்கள் 52 விழுக்காடும் குறைந்திருந்தன. துணைவர்கள் போதைக்கு எதிராகச் சொற்பொழிவு ஆற்றியவர்கள் அல்லர். மாதத்தில் சில முறை சந்தித்து, சில மணிநேரம் உடனிருந்து, விளையாடியும் பேசியும் சுற்றியும் வந்தவர்கள். அவ்வாறு அனுப்பப்படுவோர் முன்னரே விசாரிக்கப்பட்டவர்கள் என்பதும், சந்திப்புகள் பெற்றோர் அறிய நடந்தன என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

இதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, மேலும் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளே மிகுந்த பயன் தந்தன. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் இளையோரின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடத் தாழ்ந்தது. முன்பே கைவிடப்பட்ட உணர்வோடு இருக்கும் பிள்ளையிடம் ஒருவர் வந்து, நம்பிக்கையூட்டி, பிறகு வராமற்போனால், வராமலே இருந்திருப்பதினும் அது பெருந்துன்பம். நற்பணி என்று ஆர்வத்தோடு தொடங்கி இடையில் விடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நடையின் பயனும் இத்தகையதே. ஒருநாள் இருபது கல் நடந்து ஆறு நாள் ஓய்ந்திருப்பவரைவிட நாள்தோறும் அரைமணி நடப்பவரின் உடலே சீராக இருக்கும்.

கடல் கடந்த கடிதங்கள்

ஹென்ஸ்லோவின் துணை கேம்பிரிட்ஜ் சாலைகளோடு முடியவில்லை. நிலவியல் கற்குமாறு டார்வினைத் தூண்டியவர் அவரே. 1831 ஆகஸ்டில் நிலவியல் பேராசிரியர் ஆதம் செட்ஜ்விக் வட வேல்சு மலைப்பகுதிக்கு ஆய்வுநடை சென்றபோது உடன் அனுப்பியவரும் அவரே. அப்பயணம் முடிந்து வீடு திரும்பிய டார்வினுக்குக் கடிதமொன்று காத்திருந்தது. தென் அமெரிக்கக் கடற்கரையை அளப்பதற்குப் புறப்படும் பீகிள் கப்பலில் இயற்கையாய்வாளர் ஒருவருக்கு இடமுண்டு என்று ஹென்ஸ்லோ எழுதியிருந்தார். அவ்விடம் ஹென்ஸ்லோவுக்கே கிடைத்திருக்கக்கூடியது. மனைவியின் முகவாட்டத்தைக் கண்டு அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தார். டார்வின் முழுமைபெற்ற அறிஞர் என்று அவர் புகழவில்லை; சேகரிக்கவும் உற்றுநோக்கவும் குறித்துவைக்கவும் தகுதி மிக்கவர் என்றே பரிந்துரைத்தார். முதலில் மறுத்த தந்தையைத் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் இசையவைத்தார்.

1831 டிசம்பர் 27இல் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபர் 2இல் திரும்பியது. அவ்வைந்தாண்டுகளும் டார்வின் அனுப்பிய பெட்டிகளைப் பெற்றுப் பிரித்துப் பாதுகாத்தவர் ஹென்ஸ்லோ. செடிகளை வேரும் இலையும் மலரும் சேர அனுப்ப வேண்டும் என்று அறிவுரை எழுதினார். பெட்டியிலிருந்த பொருளொன்று வெறும் கரிக்குவியலாக வந்துசேர்ந்ததைச் சொல்லி, அது என்னவென்று வேடிக்கையாக வினவினார். 1835இல் டார்வினின் கடிதப் பகுதிகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் அவையில் படித்துச் சிறு நூலாகவும் அச்சிட்டார். வண்டு தேடித் திரிந்த இளைஞர் நாடு திரும்பும் முன்பே அறிஞர்கள் அவர் பெயரை அறிந்திருந்தனர்.

எல்லாவற்றிலும் இருவரும் ஒத்த கருத்துடையோர் அல்லர். லயல் எழுதிய நிலவியல் நூலை எடுத்துச்செல்லுமாறு கூறிய ஹென்ஸ்லோ, அதன் கொள்கையை மட்டும் ஏற்க வேண்டா என்று எச்சரித்திருந்தார். டார்வின் நூலையும் படித்தார், கொள்கையையும் ஏற்றார். 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முடிவுகளைச் சமயகுருவுமான ஹென்ஸ்லோவால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அந்நூலைப் பற்றி 1860 ஜூன் 30இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராயர் வில்பர்ஃபோர்சும் அறிவியலார் ஹக்ஸ்லியும் மோதிய புகழ்பெற்ற கூட்டத்திற்கு ஹென்ஸ்லோவே தலைவர். தாம் ஏற்காத கருத்துக்கும் முறையான செவி கிடைக்குமாறு அவர் கூட்டத்தை நடத்தினார். தம் கருத்தைத் திரும்பச் சொல்லும் மாணவரை உருவாக்குவது எளிது. தம்மைக் கடந்து செல்லும் மாணவருக்குத் துணைநிற்பது அரிது. அது ஹென்ஸ்லோவுக்கு வாய்த்தது.

இதற்கிடையில் அவர் சஃபோக் மாவட்டத்தின் ஹிட்சம் என்னும் சிற்றூரில் குருவாகப் பணியேற்றுப் பள்ளியொன்றை நிறுவியிருந்தார். உழவுக் கூலியாளர்களின் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் தாவரவியல் கற்பித்தார்; வயல்வெளிகளில் செடி தேட அழைத்துச்சென்றார். கேம்பிரிட்ஜ் மாணவரோடு நடந்தவர் சிற்றூர்ச் சிறாரோடும் அவ்வாறே நடந்தார். 1861இல் அவர் மறைந்தார்.

மணற்பாதை

டார்வின் 1842 முதல் டவுன் என்னும் ஊரில் வாழ்ந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை நோயோடு கழித்த அவர், நிலத்துண்டு ஒன்றைப் பெற்று, மரங்கள் நட்டு, ஒரு நடைபாதை அமைத்துக்கொண்டார். ‘சாண்ட்வாக்’ எனப்படும் அம்மணற்பாதையில் நாள்தோறும் நண்பகலில் சுற்றிவருவார். வழியோரத்தில் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கல்லை எற்றிவிட்டுச் சுற்றுகளைக் கணக்கிட்டார். எண்ணிக்கையில் மனம் சிதறாமல் சிந்தனை தொடர்வதற்கு அது எளிய உத்தி.

1862 நவம்பரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் தோட்டப்பணியாளராக இருந்த ஜான் ஸ்காட். ஆர்க்கிட் மலர்கள் பற்றிய டார்வினின் நூலில் பிழையொன்று இருப்பதை அவர் சுட்டிக்காட்டியிருந்தார். உலகறிந்த அறிஞர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு நன்றி கூறி விடை எழுதினார். தொடர்ந்து கடிதங்கள் வழியே ஆய்வுமுறைகளைக் கற்பித்தார். ஸ்காட்டின் கட்டுரை அறிஞர் கழகத்தில் இடம்பெற உதவினார். எடின்பரோவில் வேலை நிலைக்காதபோது, ஸ்காட் இந்தியாவுக்குச் செல்வதற்கான பயணச்செலவைத் தாமே ஏற்றார். ஸ்காட் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராகி, அங்கிருந்து தம் நோக்கீடுகளை அனுப்பிவந்தார். 1880இல் ஸ்காட் இறந்தார். மண்புழுக்களைப் பற்றி டார்வின் எழுதி 1881இல் வெளியிட்ட இறுதி நூலில், கல்கத்தாவிலிருந்து அவர் அனுப்பிய செய்திகளும் அவர் பெயரும் இடம்பெற்றன.